செத்தால்தான் பிழைக்கலாம்: பேட்டில் கரேகாவில் அப்படி என்ன இருக்கிறது?

சுண்டெலி

வணக்கம் மக்களே. பழைய ஜப்பானிய ஷூட்டர்களை (விமானம் ஓட்டிச் சுடும் விளையாட்டுகளை) ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டு வருகிறேன். டோடோன்பாச்சி பிடித்தது, இகருகா ரொம்பவே பிடித்தது. அடுத்து எதை ஆடலாம் என்று யாரைக் கேட்டாலும் 1996-இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் எந்திரத்துக்கு, வந்த பேட்டில் கரேகாவைத்தான் கைகாட்டுகிறார்கள். பிளேஸ்டேஷன் 4-க்கு எம்2 நிறுவனம் கொண்டுவந்த 2016 பதிப்பை வாங்கினேன்.

எனக்குப் பிடிபடவில்லை. முதல் கட்டத்தில் சாகாமல், விழுகிற பொருளை எல்லாம் பொறுக்கி, ஆயுதத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். மூன்றாம் கட்டத்திலேயே மூச்சு முட்டுகிறது. நான்காவதில் எதிரியின் குண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. என் தங்கை ஒரு நாள் கன்ட்ரோலரை வாங்கினாள். பாதி நேரம் சுடாமல் சும்மா பறந்தாள், நடுவில் கண்டபடி செத்தாள், கடைசியில் என்னைவிடத் தூரம் போய்விட்டாள்.

நன்றாக ஆடுகிறவனை உதைக்கும் விளையாட்டுக்கு ஏன் இத்தனை பக்தர்கள்? திட்டுவதென்றாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

வெள்ளிவாள்

தங்கைக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. அண்ணனுக்குத்தான் இன்னும் இல்லை.

விஷயம் இதுதான். உள்ளே ரேங்க் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஏற ஏற எதிரிகளின் குண்டு வேகமாகும், அடர்த்தியும் கூடும். அதை ஏற்றுவது யார்? நீங்கள்தான். சுடும் ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் ஏற்றும். பொறுக்கும் ஒவ்வொரு பொருளும் ஏற்றும். ஆட்டோஃபயரை (தானாகத் தொடர்ந்து சுடும் வசதியை) வேகமாக வைத்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். இறக்குவதற்கு ஒரே வழிதான்: சாக வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. கையிருப்பில் உயிர் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, சாகும்போது ரேங்க் அவ்வளவு அதிகமாக இறங்கும். நாலைந்து உயிரைப் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒன்றை விட்டால் பெரிய லாபமில்லை. கடைசி உயிருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செத்தால் விளையாட்டே சாந்தமாகிவிடும்.

மற்ற ஷூட்டர்களில் நல்ல பழக்கம் என்று கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே கெட்ட பழக்கம். விழுவதை எல்லாம் எடுக்காதீர்கள். விரலைப் பட்டனிலேயே ஊன்றி வைக்காதீர்கள். ஆயுதம் உச்சத்துக்குப் போக அவசரமே இல்லை.

குருவிக்கூடு

இதைத்தான் நான் மோசமான வடிவமைப்பு என்கிறேன், மன்னிக்கவும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பயனர் என்ன செய்தால் என்ன நடக்கும் என்பதை மறைத்து வைப்பது எங்கள் தொழிலில் குற்றம். 1996-இல் காசு போட்டு ஆடியவனுக்குத் திரையில் ரேங்க் தெரிந்ததா? தெரியாது. ஒளிரும் பொருள் ஒன்று மிதந்து வருகிறது, 'எடுத்துக்கொள்' என்று கண்ணைக் காட்டுகிறது. எடுத்தால் தண்டனை. இதில் ஆழம் எங்கே இருக்கிறது? ஏமாற்று வேலைதான் இருக்கிறது.

குண்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். டோடோன்பாச்சி செய்த கேவ் நிறுவனத்தின் விளையாட்டுகளில் குண்டு இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் விளக்குப் போட்டது போல வரும். இங்கே மெல்லிய, சாம்பல் நிற ஊசி. வெடித்த டாங்கியின் தகரத் துண்டுகள் அதே நிறத்தில் திரை முழுக்கப் பறக்கின்றன. எது குப்பை, எது குண்டு? செத்த பிறகுதான் தெரிகிறது.

ராஜி_ரெட்ரோ

குண்டு விஷயத்தில் குருவிக்கூடு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்திலேயே இந்தப் புகார் இருந்தது. அதனால்தான் பிற்பாடு வந்த பதிப்புகளில் குண்டின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. 1998-இல் சேகா சாட்டர்ன் என்ற வீட்டு எந்திரத்துக்கு வந்த பதிப்பிலேயே இருந்தது. சுண்டெலி, முதலில் அதைப் போய் மாற்றுங்கள். அசலாகத்தான் ஆடுவேன் என்ற வீம்பு எல்லாம் பிறகு.

ஆனால் 'ஏமாற்று' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த யோசனை கரேகாவோடு வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1983-இல் நாம்கோ வெளியிட்ட செவியஸை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆட ஆட வானத்து எதிரிகள் கடுமையாகிக்கொண்டே போவார்கள். தரையில் ஸோல்பாக் என்று ஓர் இலக்கு இருக்கும். அதைக் குண்டுபோட்டு அழித்தால் கடுமை கொஞ்சம் தணியும். 1985-இல் கிராடியஸ் வந்தது. அதில் சக்தி கூடினால் எதிரியும் கூடுவான். 1986-இல் கம்பைல் நிறுவனத்தின் ஸனாக், ஆடுபவர் சுடுவதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு எதிரிகளை மாற்றியது. கரேகாவைச் செய்த ரைசிங் நிறுவனத்தில் கம்பைலிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஆக, இது ஒரு பரம்பரைச் சொத்து.

கரேகாவை எழுதியவர் ஷினோபு யகாவா. 1992-இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் வீட்டு எந்திரத்தில் ரெக்கா என்ற ஷூட்டரைச் செய்தவரும் இவர்தான். அந்தச் சின்ன எந்திரத்தில் அந்த வேகத்தை எப்படித்தான் கொண்டுவந்தாரோ. கரேகாவில் அவர் செய்த புதுமை ஒன்றே ஒன்று. செவியஸ் கடுமையைத் தணிக்க ஒரு தரை இலக்கைக் கொடுத்தது. யகாவா உங்கள் உயிரையே கேட்டார்.

சுண்டெலி

சரி, குண்டின் தோற்றத்தை மாற்றிவிட்டேன். நிலைமை பரவாயில்லை.

ஆனால் செத்தால் ரேங்க் இறங்கும் என்றால், செத்துக்கொண்டே இருந்தால் உயிர் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிடுமே? உயிருக்கு எங்கே போவது?

வெள்ளிவாள்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பத்து லட்சம் புள்ளி எடுத்தால் ஓர் உயிர். அடுத்த பத்து லட்சத்துக்கு இன்னொன்று. அதற்கு முடிவே இல்லை, எடுத்துக்கொண்டே போகலாம். ஆக, உயிர் வேண்டுமென்றால் புள்ளி வேண்டும்.

மற்ற ஷூட்டர்களில் புள்ளி சேர்ப்பது தனி ஆட்டம், உயிரோடு கடைசி வரை போவது தனி ஆட்டம். டோடோன்பாச்சியில் சங்கிலியை (இடைவெளி விடாமல் தொடர்ந்து கொல்வதை)ப் பற்றிக் கவலையே படாமல் ஒரு சுற்றை முடித்துவிடலாம். இகருகாவில் மூன்று மூன்றாகக் கொல்லாமலும் கடைசி வரை போய்விடலாம். இங்கே அப்படிப் பிரிக்கவே முடியாது. புள்ளி எடுக்காதவனுக்கு உயிர் வராது. உயிர் வராதவனால் சாக முடியாது. சாக முடியாதவனை ரேங்க் தின்றுவிடும்.

கடன் வாங்குவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுதம், துணைத் துப்பாக்கி, எடுக்கும் ஒவ்வொன்றும் கடன். அசலும் வட்டியும் ரேங்கில் ஏறுகின்றன. திருப்பிக் கொடுக்கச் செல்லும் நாணயம் உயிர் மட்டும்தான். எவ்வளவு கடன் வாங்குவது, எப்போது அடைப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். மோகமே இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

நள்ளிரவு_காசு

இந்த இழையைப் பார்த்ததும் லாகின் செய்யாமல் இருக்க முடியவில்லை. வேலை நிமித்தம் டோக்கியோவில் இருக்கிறேன். தகதனோபாபா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மிகாடோ என்று ஒரு கேம் சென்டர் இருக்கிறது. பழைய ஆர்கேட் எந்திரங்களுக்குப் பேர்போன இடம். இங்கே நல்ல ஆட்டக்காரர் ஒருவர் கரேகா ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தால், குருவிக்கூடு சொல்லும் 'ஏமாற்று' எப்படிப்பட்டது என்று தெரியும்.

நான் பார்த்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அலுவலகச் சட்டை, பையைக் காலடியில் வைத்திருந்தார். அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையில் ஸ்டிக் ஓயாமல் ஆடுகிறது, வலது கை விரல்கள் பெரும்பாலும் பட்டனுக்கு மேலே சும்மா நிற்கின்றன. எதிரி வந்ததும் சின்னதாக நாலு தட்டு, மறுபடி நிறுத்தம். ஆயுதத்தை உயர்த்தும் பொருள் ஒன்று அவர் விமானத்துக்கு நேராக இறங்கி வருகிறது. ஒரு விமான அகலம் இடது பக்கம் ஒதுங்கி அதற்கு வழிவிடுகிறார். அது திரைக்குக் கீழே போய் மறைகிறது. பின்னாலேயே புள்ளி தரும் பதக்கம் ஒன்று வருகிறது. அதற்காக மட்டும் திரையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குக் குண்டுகளுக்கு நடுவே பாய்ந்து வந்து எடுக்கிறார்.

அப்புறம் ஐந்தாம் கட்டத்து பாஸ், அதாவது கட்டத்தின் பெரிய எதிரி, பிளாக் ஹார்ட். அந்தக் கறுப்பு விமானம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆபத்து ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு சின்ன டாங்கி சுட்ட ஒற்றைக் குண்டை நோக்கி நேராகப் போய் முட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. புது உயிர் வந்தது, பிளாக் ஹார்ட் வந்தது, அது சுட்ட குண்டுகள் நான் வீட்டில் பார்த்ததைவிடப் பாதி வேகத்தில் வந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் 'ஆ, தவறவிட்டார்' என்பது போல உச்சுக்கொட்டினான். அவனுக்கு என்ன தெரியும்.

குருவிக்கூடு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் வாதத்துக்குத்தான் இது சாட்சி. அந்த ஐம்பது வயதுக்காரருக்கு இது இருபது வருடக் கல்வி. புதிதாக வருகிறவன் காசு போட்ட மூன்றாம் நிமிடம் என்ன கற்றுக்கொள்வான்? 'நான் ஆடத் தெரியாதவன்' என்றுதானே? பக்கத்தில் நின்ற பையன்தான் உண்மையான பயனர்.

இன்னொன்று. எம்2 பதிப்பு திரையின் ஓரத்தில் ரேங்கைக் காட்டுகிறதே, அதை நீங்கள் எல்லாம் வரவேற்கிறீர்கள். மறைத்து வைப்பதுதான் கவர்ச்சி என்றால், காட்டியதும் கவர்ச்சி போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், மறைத்தது வெறும் குறைதான் என்று ஆகிறது. இரண்டில் எது?

ராஜி_ரெட்ரோ

நல்ல கொக்கி. ஆனால் அது 1996 பிப்ரவரி என்பதை மறக்கக் கூடாது.

ஷூட்டர்களுக்குப் பேர்போன டோவாப்ளான் நிறுவனம் 1994-இல் மூடப்பட்டாயிற்று. அங்கிருந்து சிதறியவர்கள் கேவ் போன்ற நிறுவனங்களைத் தொடங்கினார்கள். ரைசிங் தன் முதல் ஷூட்டரான மஹோ டைசாகுசெனை 1993-இல் டோவாப்ளானின் வன்பொருளில்தான் வெளியிட்டது, கரேகாவும் அந்த வகை சர்க்யூட் பலகையில்தான் ஓடியது. ஒருபுறம் சண்டை விளையாட்டுகள் கேம் சென்டர்களை ஆண்டுகொண்டிருந்தன. சண்டை விளையாட்டில் இரண்டு பேர் ஆளுக்கு 100 யென் போட்டு, சில நிமிடத்தில் ஒருவர் எழுந்து போய்விடுவார். ஷூட்டரில் கைதேர்ந்த ஒருவர் 100 யென்னில் அரை மணி நேரம் எந்திரத்தை ஆக்கிரமிப்பார். கடைக்காரர் என்ன நினைப்பார்? நன்றாக ஆடுபவரை விரைவில் எழுப்ப ஒரு வழி வேண்டும். ஆடுபவருக்கோ திரும்பத் திரும்ப வர ஒரு காரணம் வேண்டும். ரேங்க் இரண்டுக்கும் விடை என்பது என் ஊகம்.

மறைத்தது குறையா என்ற கேள்விக்கு வருகிறேன். அன்று கேம் சென்டரில் ஆள்கள் இருந்தார்கள், கேமெஸ்ட் பத்திரிகை இருந்தது. உச்சப் புள்ளிகளை அது அச்சிடும், உத்திகளை எழுதும். ஒருவர் செத்துச் செத்து முன்னேறுவதை இன்னொருவர் பின்னால் நின்று பார்த்து, 'ஓகோ' என்று கிளம்புவார். விளையாட்டு வாய் திறந்து சொல்லாததை மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1999-இல் கேமெஸ்ட் நின்றுபோயிற்று, கேம் சென்டர்களும் குறைந்துகொண்டே போகின்றன. இன்று வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவருக்கு அந்தப் பின்வரிசை இல்லை. எம்2-இன் அளவுமானி அந்தப் பின்வரிசையின் வேலையைச் செய்கிறது. காட்டிய பிறகும் கவர்ச்சி போகாததற்குக் காரணம், எண் தெரிந்தாலும் என்ன செய்வதென்ற முடிவு உங்களுடையதாகவே இருப்பதுதான்.

பட்டன்மாஸ்டர்

எல்லோரும் ரேங்க், ரேங்க் என்று அறிவாளித்தனமாகப் பேசுகிறீர்கள். நான் கரேகாவை நேசிப்பதற்குக் காரணம் வேறு. அது வெடிக்கிற விதம்!

ஒரு டாங்கியைச் சுட்டால் அது பட்டென்று மறைவதில்லை. முதலில் பீரங்கி பிய்கிறது, தகடு கழன்று சுழன்றுகொண்டே பறக்கிறது, புகை, அப்புறம் கரிந்த எலும்புக்கூடு தரையில் கிடக்கிறது. கட்டடங்கள் இடிகின்றன, மரங்கள் எரிகின்றன. இரண்டாம் கட்டத்தில் சரியான இடத்தில் வெடிகுண்டு போட்டால் பூநாரைக் கூட்டம் கிளம்பும், அதற்கும் புள்ளி! போர் விமான விளையாட்டில் பூநாரையை ஒளித்து வைக்க யாருக்குத் தோன்றும்?

அப்புறம் இசை. மனாபு நமிகி. டெட்ராய்ட் டெக்னோ பாணியில் அடிக்கிறார் மனிதர். முதல் கட்டத்தில் கீழே ஊர் நகர, ஈயம் பூசிய மாதிரி வானம், அந்த ஒலி. நான் ரேங்கைக் கவனிப்பதே இல்லை. நாலாம் கட்டத்தில் சாகிறேன். மறுபடி ஆரம்பிக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

குருவிக்கூடு

இசையைப் பற்றி எதிர்வாதம் இல்லை. இசைத் தொகுப்பு என் கைபேசியிலும் இருக்கிறது. வேலை செய்யும்போது அதுதான் ஓடும்.

வெள்ளிவாள்

மேலே நள்ளிரவு_காசு பதக்கத்தைப் பற்றிச் சொன்னாரே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சுண்டெலிக்கு உதவும்.

பதக்கத்தின் மதிப்பு 100-இல் ஆரம்பித்து 10,000 வரை ஏறும். வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றே ஒன்று கீழே நழுவி விழுந்தாலும் திரும்ப 100-இலிருந்து. 10,000 மதிப்பில் நிற்கும்போது ஒவ்வொரு பதக்கமும் ஓர் உயிரின் நூற்றில் ஒரு பங்கு. அதனால்தான் அந்தப் பெரியவர் ஆயுதத்தை விட்டுவிட்டுப் பதக்கத்துக்குப் பாய்ந்தார்.

இதில் குசும்பு என்னவென்றால், பதக்கத்தைத் துரத்தும்போதுதான் பெரும்பாலும் சாவு வரும். வேண்டாத இடத்தில் வரும் சாவும் ரேங்கை இறக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த உயிர் அது. பிளாக் ஹார்டுக்கு முன்னால் செலவழிக்க வைத்திருந்ததை ஒரு பதக்கத்துக்கு விட்டுவிட்டீர்கள். சரி, இனி என்ன? அடுத்த பத்து லட்சம் எவ்வளவு தூரத்தில்? பாஸ் எதிரியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் புள்ளியைத் தேற்ற முடியுமா? வெடிகுண்டு கையிருப்பு எவ்வளவு? முழுக்க நிரம்பாத வெடிகுண்டைக்கூடப் போடலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த யோசனை எல்லாம் விரல்கள் தப்பித்துக்கொண்டிருக்கும்போதே மண்டையில் ஓட வேண்டும்.

குருவிக்கூடு, புதிதாக வருபவருக்கு இது கருணையே இல்லாத விளையாட்டு என்பது சரிதான். ஆனால் தவறு செய்த பிறகும் கணக்கைத் திருத்திக்கொள்ள இவ்வளவு வழி விடும் ஷூட்டர் இன்னொன்றை எனக்குக் காட்டுங்கள். டோடோன்பாச்சியில் சங்கிலி அறுந்தால் பலர் அங்கேயே ரீசெட் பட்டனைத் தட்டுவார்கள். கரேகாவில் ரீசெட் பண்ணத் தோன்றாது. குளறுபடியான ஆட்டம்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

குருவிக்கூடு

இந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அரை மதிப்பெண். தோல்வியிலிருந்து மீள வழி இருப்பது நல்ல வடிவமைப்பு. அதை யாருக்கும் சொல்லாமல் வைத்தது கெட்ட வடிவமைப்பு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. நான் பெட்டியைப் பாராட்டத் தயாரில்லை.

பட்டன்மாஸ்டர்

பெட்டியைப் பாராட்ட வேண்டாம், இசைத் தொகுப்பை மட்டும் பாராட்டிக்கொண்டிருங்கள்.

நெறியாளர்

தனிப்பட்ட கிண்டல் போதும். கேவ் பெரியதா ரைசிங் பெரியதா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலி

வார இறுதி முழுக்க வெள்ளிவாள் சொன்ன மாதிரி ஆடினேன். ரேங்க் அளவுமானியைத் திரையில் வைத்துக்கொண்டு, ஆட்டோஃபயரைக் குறைத்து, ஆயுதத்தைப் பாதியிலேயே நிறுத்தி. ஐந்தாம் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன்!

ஆனால் வேண்டுமென்றே சாவது மட்டும் கைவரவில்லை. குண்டு முகத்துக்கு நேரே வரும்போது கட்டை விரல் தானாக ஒதுங்கிவிடுகிறது. இத்தனை வருடம் ஒதுங்கிப் பழகிய விரல். ஒதுங்கின வேகத்தில் அடுத்த பொருளையும் எடுத்துத் தொலைக்கிறேன். அளவுமானி ஏறுவதைப் பார்த்தால் மின்சார மீட்டரைப் பார்க்கும் எரிச்சல் வருகிறது. இதற்கு என்ன வழி? வேறு விமானத்துக்கு மாறலாமா?

ராஜி_ரெட்ரோ

வாழ்த்துகள்! விமானம் மாற்றுவதென்றால் மியாமோட்டோவை எடுத்துப் பாருங்கள். சாமுராய் உடை போட்ட டிராகன். மஹோ டைசாகுசெனிலிருந்து வந்த விருந்தாளிகள் நால்வரில் ஒருவர். ஆர்கேடில் ரகசியக் குறியீடு போட்டால்தான் இவர்கள் தலைகாட்டுவார்கள். மியாமோட்டோ வேகம் அதிகம், பதக்கத்தைத் துரத்த வசதி. ஆனால் அந்த வேகத்துக்குக் கை பழகும் வரை சுவரில் மோதும் வண்டி ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

வெள்ளிவாள்

எனக்கு வேறு கருத்து. இப்போதைக்கு சில்வர் சோர்டு விமானத்திலேயே இருங்கள், ஆளை மாற்றினால் கணக்கெல்லாம் முதலிலிருந்து.

சாவதற்கு ஒரு வழி சொல்கிறேன். குண்டில் முட்டாதீர்கள், உங்கள் விரல் விடாது. சாக வேண்டிய இடத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். மூன்றாம் கட்டத்து பாஸ் மேட் பாலுக்குப் பிறகு ஒன்று, பிளாக் ஹார்டுக்கு முன்னால் ஒன்று என்று. அந்த இடம் வந்ததும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையின் நடுவில் நில்லுங்கள், மற்றதை எதிரி பார்த்துக்கொள்வான். ஒரே நிபந்தனை: அதற்கு முன்னால் துணைத் துப்பாக்கியின் அணிவகுப்பை சி பட்டனில் உங்களுக்கு வசதியானதுக்கு மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். செத்து எழுந்ததும் கையில் சொற்ப ஆயுதம்தான் இருக்கும், அந்த முதல் சில நொடிகளை ஓட்டுவதுதான் கஷ்டம்.

நள்ளிரவு_காசு

நான் இதை ஆட்சேபிக்கிறேன். மேட் பாலுக்குப் பிறகு சாவது வீண். அந்த உருண்டையிடம்தான் புள்ளி கொட்டிக்கிடக்கிறது, அதோடு சண்டை போடும்போதே உயிரை விட்டு, மெதுவான குண்டுகளுக்கு நடுவில் நிதானமாகக் கறந்தால் பத்து லட்சத்தை எட்டலாம். பாதிச் சண்டையில் சாகுங்கள், சுண்டெலி.

வெள்ளிவாள்

அவருக்கு இன்னும் சாகவே வரவில்லை, நீங்கள் பாதிச் சண்டையில் சாகச் சொல்கிறீர்கள்.

குருவிக்கூடு

எம்2 பதிப்பை இரவல் வாங்கியிருக்கிறேன். முதலில் மிக எளிய முறையில். அளவுமானியை மறைக்க மாட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன். குண்டின் தோற்றத்தை எந்த மெனுவில் மாற்றுவது?